ஜெயசீலி சொன்னது

என் தங்கை ஜெயசீலி முப்பத்திரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டலூர் பக்கம் நடந்துபோன அன்று, நான் தாம்பரம் கார் ஷெட்டில் ஒரு மின்சார ரயில் பெட்டிக்கு அடியில் படுத்திருந்தேன். 1983, அக்டோபர். டைம் கீப்பர் குனிந்து என்னைக் கூப்பிட்டார்.

"தாவீது, உன் தங்கச்சி இஸ்கூல்லருந்து போன் வந்துகினே கீது. இன்னான்னு போய்ப் பாருப்பா."

பள்ளிக்கூடத்தில் அவள் பாடம் எடுக்கும் ஏழாம் வகுப்பு அறை காலியாக இருந்தது. பைகள் மட்டும் பெஞ்சில் இருந்தன. தலைமையாசிரியை என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டார். நான் சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு போனேன். இரும்புலியூரில் எங்கள் வீட்டு முனையைத் தாண்டி, பெருங்களத்தூரும் தாண்டியபின் அவர்களைக் கண்டேன். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போயின. ரோட்டோரத்தில் வரிசையாகப் பிள்ளைகள், முன்னால் ஜெயசீலி. வெயிலில் முகம் சிவந்து, தொண்டை கட்டிப்போய், ஆனாலும் விடாமல் பேசிக்கொண்டு வந்தாள். வண்டலூர் காட்டில் மிருகக்காட்சி சாலைக்கு வேலி போட்டுக்கொண்டிருந்த காலம் அது. வேலி முழுதும் அடைபடுவதற்குள் அங்கிருக்கும் ஒவ்வொரு செடிக்கும் ஒரு பிள்ளையின் பெயரை வைத்துவிட வேண்டுமாம்.

"அண்ணா, நீயும் வா! உன் பேருக்கும் ஒரு செடி இருக்கு!" என்றாள். நாலு நாளாக அவள் தூங்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதற்கு முந்தைய ஒன்றரை மாதம் எங்கள் வீட்டில் ஒரே சந்தோஷம். அப்படித்தான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அப்பா இறந்த பிறகு அவள் ஒரு வருடம் சரியாகப் பேசவே இல்லை. அப்படிப்பட்டவள் திடீரென்று விடியற்காலை எழுந்து பஸ் பிடித்து பள்ளிக்கரணை கழுவெளிக்குப் போய், முழங்கால் சேற்றோடு திரும்பி வந்தாள். கோரை, அல்லி, நீர்முள்ளி என்று வீடு முழுக்கச் செய்தித்தாளுக்குள் செடிகள் காய்ந்தன. தாவரவியல் படித்தவள்தான், ஆசைதான் என்று விட்டுவிட்டோம். தன் புடவைகளைத் தெருவில் உள்ளவர்களுக்குக் கொடுத்தாள். கோயிலில் எல்லோரையும் கட்டிப்பிடித்து ஸ்தோத்திரம் சொன்னாள். என் மனைவி அமலராணி, "உங்க தங்கச்சி இப்பதாங்க பழையபடி ஆயிருக்கா" என்றாள். நானும் ஆமாம் என்றேன்.

ரோட்டிலிருந்து அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தபின், எங்கள் கோயில் பாஸ்டர் வந்து மூன்று நாள் உபவாச ஜெபம் நடத்தினார். அவள் தலையில் கை வைத்து எதையோ வெளியே போகச் சொல்லிக் கட்டளையிட்டார். ஜெயசீலி அவரைவிடச் சத்தமாக ஜெபித்தாள். மூன்றாம் நாள் பாஸ்டருக்கே குரல் போய்விட்டது. நல்ல மனிதர். போகும்போது என்னைத் தனியே அழைத்து, "தம்பி, ஜெபத்தை விடாதீங்க. ஆனா ஒரு டாக்டரையும் பாருங்க" என்றார்.

எழும்பூர் பக்கத்தில் ஒரு மனநல டாக்டர் இருந்தார். வயதானவர், மெதுவாகப் பேசுவார். ஊசி போட்டு, பதினெட்டு நாள் உள்ளே வைத்திருந்து அனுப்பினார். நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். சில சமயம் மேலே தூக்கும், சில சமயம் கீழே அழுத்தும், நடுவில் வருடக்கணக்கில் எல்லோரையும் போல இருப்பாள் என்றார்.

"பைத்தியம் இல்லையே டாக்டர்?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு அந்த வார்த்தை வேணும்னா வெச்சுக்குங்க. எனக்கு வேணாம். சர்க்கரை வியாதிக்காரங்க மருந்து சாப்பிட்டுட்டு வேலைக்குப் போறாங்கல்ல? அதே மாதிரிதான்."

லித்தியம் என்று ஒரு மாத்திரை எழுதினார். அது ஒரு வகை உப்பு, ரத்தத்தில் அளவாக இருக்க வேண்டும், அதற்காக அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். எங்கள் இருவரையும் உட்கார வைத்து ஒன்றைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்: "உடம்புல தண்ணி வத்துச்சுன்னா இந்த மருந்து ஏறிடும். வாந்தி பேதி வந்தா மாத்திரையை நிறுத்திட்டு உடனே வந்துடுங்க. மறந்துடக் கூடாது." ஜெயசீலி அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் அவள் படுக்கையைவிட்டு எழவில்லை. தலை வாரவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டுக் கொடுத்தால் அது காயும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். அமலராணி, "வேலைக்குப் போக வேணாம்னா ஜாலியாதான் இருக்கும்" என்று அடுப்படியில் முணுமுணுத்தாள். நானே ஒருநாள் அவள் கையைப் பிடித்து இழுத்து எழுப்பி உட்கார வைத்து, "மனசுல தைரியம் வேணும் ஜெயா. எல்லாம் மனசுதான்" என்று சத்தம் போட்டேன். அவள் என்னைப் பார்த்து, "சரிண்ணா" என்றாள். உட்காரவைத்த இடத்திலேயே மாலைவரை உட்கார்ந்திருந்தாள்.

பிறகு மெல்ல மெல்ல எழுந்தாள். எப்போது எழுந்தாள் என்று சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் பார்த்தால் துணி துவைத்துக்கொண்டிருந்தாள், இன்னொருநாள் காய்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். எண்பத்தைந்தில் சேலையூரில் வேறொரு சின்னப் பள்ளியில் சேர்ந்தாள். நன்றாகவே இருந்தாள். மாத்திரையை நேரம் தவறாமல் போட்டாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்தாள். நான் பார்த்த வரையில் எங்கள் வீட்டிலேயே ஒழுங்கான ஆள் அவள்தான்.

அதனால்தான் வரன் பார்த்தேன்.

மாப்பிள்ளை எட்மண்ட் குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். அதிர்ந்து பேசாதவர். அவருக்கு அம்மா புஷ்பம் மட்டும்தான். பெண் பார்த்துவிட்டுப் போன அன்று மாலை ஜெயசீலி என்னிடம் வந்தாள்.

"அண்ணா, சொல்லிடலாம்."

"சொன்னா யாரு கட்டிப்பா?"

"கட்டிக்கலைன்னா போகட்டுமே. நான் மாத்திரை சாப்பிடறது அவருக்குத் தெரியணும்ணா. ஒளிச்சு வெச்சு எப்படி இருக்கறது?"

"உனக்கு இப்ப ஒண்ணுமே இல்லயேம்மா. ரெண்டு வருஷமா நல்லாத்தானே இருக்கே?"

"மாத்திரையாலதான் நல்லா இருக்கேன்."

நான் கேட்கவில்லை. கல்யாணம் ஆகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கோயிலில் ஒருவர், கார் ஷெட்டில் ஒருவர் என்று பலரும் சொன்னார்கள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. கல்யாணத்துக்கு முந்தின நாள் அவளுடைய மாத்திரைகளை எடுத்து ஒரு வைட்டமின் பாட்டிலில் போட்டு, மூடியை இறுக்கி, அவள் பெட்டியில் வைத்தவன் நான்தான். 1986, மே மாதம்.

இரண்டு வருடம் அப்படியே ஓடியது. ரத்தப் பரிசோதனை நாளில் "அண்ணன் வீட்டுக்குப் போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வருவாள், நான் எழும்பூருக்குக் கூட்டிப்போவேன். எட்மண்ட் அவள்மேல் உயிராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பல்லாவரம் மலைக்குக் கூட்டிப்போய் செடியெல்லாம் பறித்துக்கொடுப்பாராம். அவளே சொல்லியிருக்கிறாள்.

எண்பத்தெட்டு மே மாதம் கர்ப்பம் என்று தெரிந்தது. பயந்துபோய் என்னிடம் வந்தாள். "டாக்டரைப் பார்க்கணும்ணா. குழந்தைக்கு இந்த மாத்திரை ஆகுமா, நிறுத்தினா என்ன செய்யணும்னு கேட்கணும். ஆனா அத்தை இப்ப எங்கேயும் தனியா விடமாட்டாங்க. நீ போய்க் கேட்டுட்டு வா."

சரி என்றேன். அந்த வாரம் ஷெட்டில் ஓவர்டைம். அடுத்த வாரம் அமலராணிக்குக் காய்ச்சல். இதெல்லாம் சாக்கு. உண்மை என்னவென்றால், எனக்குப் போகப் பிடிக்கவில்லை. நாலு வருடமாக ஒன்றும் இல்லை, இனி எதற்கு டாக்டர், எதற்கு ரத்தம், எதற்கு இந்தத் திருட்டுத்தனம் என்று சலித்துவிட்டது. நோய் போய்விட்டது என்றே நம்பினேன். குரோம்பேட்டைக்குப் போய், புஷ்பம் அம்மாள் காபி போட உள்ளே போன நேரத்தில், "டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டார். இனிமே தேவையில்லையாம்" என்று அவளிடம் சொன்னேன்.

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "இனிமே வேணவே வேணாமாம்மா?" என்று சந்தோஷத்தில் தடுமாறி என்னையே 'அம்மா' போட்டுக் கேட்டாள்.

எண்பத்தொன்பது ஜனவரியில் பெண் குழந்தை பிறந்தது. பியூலா என்று பெயர் வைத்தார்கள். பத்தாம் நாள் காலையில் ஜெயசீலி குழந்தையைத் தூக்கிக்கொண்டு குரோம்பேட்டை ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள். நானும் எட்மண்டும் போனபோது பிளாட்பாரத்தில் சுற்றிலும் கூட்டம். நடுவில் நின்று அவள் பேசிக்கொண்டிருந்தாள். இந்தக் குழந்தை அழும்போது தாம்பரம் முதல் பீச் வரை எல்லா வண்டிகளும் நின்றுவிடும், யாரும் பயப்பட வேண்டாம் என்று. "சாமி வந்துகினு கீது" என்று ஒரு கிழவி கும்பிட்டாள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

குழந்தைமேல் ஒரு கீறல்கூட இல்லை. வெயில் படாமல் முந்தானையை மடித்து அதன் தலைக்குப் போட்டிருந்தாள். எட்மண்ட் கையை நீட்டியதும், கழுத்தைத் தாங்கிப் பிடித்துப் பதமாகக் கொடுத்தாள். இதை நான் பிறகு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். யார் காதிலும் ஏறவில்லை.

எழும்பூரில் டாக்டர் அவளைப் பார்த்ததும், எட்மண்ட் பக்கத்தில் நிற்கும்போதே, "ஜெயசீலி, ஏம்மா இத்தனை மாசமா வரல?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?" என்றார்.

எட்மண்ட் என்னைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். சத்தம் போட்டு இரண்டு அறை கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெளியே போய் மரத்தடியில் நின்றுகொண்டார்.

நாற்பது நாள் கழித்து அவள் தெளிந்து வந்தபோது, குழந்தையைத் தரவில்லை. புஷ்பம் அம்மாள் வாசலில் நின்று சொன்னார். "நாங்க ஒண்ணும் கேட்காம எடுத்துக்கிட்டோம். நீங்க ஒண்ணும் சொல்லாம குடுத்துட்டீங்க. இனி எங்க பிள்ளைய நாங்க பாத்துக்கறோம். அது கையில குடுத்தா கொன்னுபோடும்."

டாக்டர் எட்மண்டை வரச் சொல்லிக் கடிதம் எழுதினார். இந்த நோய் உள்ள எத்தனையோ தாய்மார்கள் பிள்ளை வளர்க்கிறார்கள், மருந்து ஒழுங்காக இருந்தால் பயம் இல்லை என்று எழுதியிருந்தார். எட்மண்ட் வரவில்லை. வக்கீலைப் பார்த்தோம். கோர்ட்டுக்குப் போனால் அவளை எல்லோர் முன்னாலும் நிறுத்திப் பைத்தியம் என்பார்கள் என்றார் அவர். ஜெயசீலிதான் வேண்டாம் என்றாள். கடைசியில் பாஸ்டர் பேசி ஓர் ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்தபின் அரைமணி நேரம், அவர்கள் வீட்டுக் கூடத்தில், புஷ்பம் அம்மாள் கூட இருக்க, பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்த சில மாதங்களில் ஒருநாள் ஜெயசீலி கேட்டாள். "டாக்டர்கிட்ட நீ போகவே இல்லல்ல?"

"இல்லம்மா."

அவள் தலையை ஒருமுறை ஆட்டினாள். அதன்பிறகு அதைப் பற்றி அவள் பேசவே இல்லை.

ஏழு வருடம் அவளுக்கு நோய் வரவில்லை. ஒருமுறைகூட வரவில்லை. ஆனால் ஏழு வருடமும் நாங்கள் அது வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். ரேடியோவில் எதையோ கேட்டு உரக்கச் சிரித்தால், அமலராணி என்னைப் பார்ப்பாள். நான், "மாத்திரை போட்டியா?" என்பேன். குழந்தையை நினைத்து அழுதாலும், "மாத்திரை போட்டியா?" குழம்பில் உப்பு அதிகம் என்று கோபித்துக்கொண்டாலும் அதேதான். பக்கத்து வீட்டு பக்தவச்சலம் ஒருமுறை எங்கள் சுவரை இடித்து நாலு அங்குலம் உள்ளே தள்ளிக் கட்டியபோது, அவள்தான் முதலில் பார்த்துச் சண்டைக்குப் போனாள். அவர் அவளிடம் பேசவே இல்லை. என்னைக் கூப்பிட்டு, "தங்கச்சிக்கு மறுபடி ஆரம்பிச்சுடுச்சா சார்?" என்றார். நான் அவளை உள்ளே போகச் சொன்னேன். சுவர் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

எந்தப் பள்ளியும் வேலை தரவில்லை. கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தாவரவியல் ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து கொடுப்பாள். வேர், தண்டு, இலையின் குறுக்குவெட்டு. கை அசையாது. கூர்மையான பென்சிலால் ஒரே இழுப்பில் வட்டம் போடுவாள். பிள்ளைகள் வாசலிலேயே நோட்டைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே வாங்கிக்கொண்டு போவார்கள்.

முதல் ஞாயிறுகளில் நானும் கூடப் போவேன். பியூலா அவளைத் 'தாம்பரம் அம்மா' என்று கூப்பிடும். புஷ்பம் அம்மாளைத்தான் 'மம்மி' என்றது. ஜெயசீலி அந்த அரைமணி நேரமும் முதுகை நிமிர்த்திக்கொண்டு, கைகளை மடியில் வைத்து, இன்டர்வியூவுக்கு வந்தவள் போல உட்கார்ந்திருப்பாள். ஆசையாக எதையாவது வேகமாகப் பேசிவிட்டால் தப்பு. கண் கலங்கிவிட்டால் தப்பு. குழந்தையை இறுக்கி அணைத்தால் புஷ்பம் அம்மாள் நாற்காலியைவிட்டு எழுந்துவிடுவார். ஒருமுறை பியூலா, "தாம்பரம் அம்மா, நீங்க ஏன் சிரிக்கவே மாட்டேங்கறீங்க? பல்லு வலிக்குதா?" என்று கேட்டது.

"ஆமாம் கண்ணு, கொஞ்சம் வலிக்குது" என்றாள்.

தொண்ணூற்றாறில் எட்மண்டின் மனம் கொஞ்சம் இளகியது. ஏப்ரல் மாதம் நாங்கள் கிளம்பும்போது கேட்வரை வந்தார். "மச்சான், பாப்பாவுக்கு ஏழு வயசாயிடுச்சு. கேக்குது. மே மாசம் பன்னெண்டாம் தேதி ஞாயித்துக்கிழமை உங்க வூட்டுக்குக் கூட்டியாரேன். சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும். அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

ஜெயசீலி அன்று ரயிலிலும் முதுகை நிமிர்த்தியே உட்கார்ந்து வந்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபிறகுதான் அழுதாள், சிரித்தாள். நான் மாத்திரையைப் பற்றிக் கேட்பதற்குள் அவளே, "போட்டுட்டேன்ணா. இது சந்தோஷம். வெறும் சந்தோஷம்" என்றாள்.

அந்த மே மாதம் அடித்த வெயிலில் எங்கள் தெருக் கிணறுகள் எல்லாம் வற்றிவிட்டன. லாரித் தண்ணீர்தான். எட்டாம் தேதி புதன்கிழமை அவளுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. தெருவில் நாலைந்து வீட்டில் அப்படித்தான் இருந்தது. வியாழக்கிழமை பியூலாவுக்காகத் தைத்துக்கொண்டிருந்த கவுனுக்குப் பொத்தான் வைக்க உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கை அப்படி நடுங்கியது. அமலராணி கோத்துக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து, "எனக்கு பயமா இருக்குங்க. பாப்பா வர்ற நேரத்துல ஆரம்பிச்சுடுச்சு போல" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். நாக்கு குழறியது.

"அண்ணா, இது அது இல்ல. மாத்திரை ரத்தத்துல ஏறியிருக்கு. நான் இன்னைக்குப் போடல. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ."

என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். அவள் மாத்திரை போடவில்லை.

இந்த நோய் உள்ளவர்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், மாத்திரை வேண்டாம் என்று சொன்னால் நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தம். பன்னிரண்டாம் தேதிக்கு இரண்டே நாள்தான் இருந்தது. அதற்குள் அவளை எப்படியாவது சரிக்கட்டிவிட வேண்டும் என்று மட்டும்தான் எனக்கு ஓடியது. ஒருமுறை மாத்திரையை நிறுத்திக் கெடுத்தவன் நான். இந்த முறை அந்தத் தப்பைச் செய்யக்கூடாது என்று நினைத்தேன். கடவுள் சத்தியமாக, அப்படித்தான் நினைத்தேன்.

"ஜெயா, அடம் பிடிக்காதே. வாயத் திற."

"அண்ணா, நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். போய்ப் பாரு. டாக்டர் சொன்னாரு..."

"திங்கக்கிழமை டாக்டர்கிட்டப் போலாம். இப்ப போடு."

அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்து, மாத்திரையைப் போட்டு, தண்ணீர் கொடுத்து, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். மாலையிலும் கொடுத்தேன். விட்டுப்போனதற்குச் சேர்த்து ஒன்று அதிகமாகக் கொடுத்தேன். சனிக்கிழமையும் கொடுத்தேன். சனிக்கிழமை அவள் தடுக்கவில்லை. வாயைத் திறந்து காட்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது. அதுவும் நோய் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிட்டதற்கு அவள் கண் திறக்கவில்லை. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. ஆட்டோக்காரன் முகத்தைச் சுளித்து, "இன்னா சார், ஃபிட்ஸா? பேஜாரு சார், வேற வண்டி பாரு" என்றான். கெஞ்சி ஏற்றினேன். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபின் எங்கள் பழைய டாக்டருக்குச் சொல்லி அனுப்பினேன். அந்த வயதிலும் ஒரு டாக்சி பிடித்து வந்தார். ரத்த ரிப்போர்ட்டை வாங்கி இரண்டுமுறை படித்தார். இருக்க வேண்டிய அளவைப்போல மூன்று மடங்கு.

"வாந்தி பேதி எத்தனை நாளா?"

"புதன்கிழமையிலேர்ந்து டாக்டர்."

"மாத்திரை?"

"தவறாம குடுத்தேன் டாக்டர்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அவளுக்குத் தெரியுமே. எழுதியெல்லாம் வெச்சிருந்தாளே. அவ ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னா" என்றேன்.

அன்று பதினொரு மணிக்கு எட்மண்ட் பியூலாவைக் கூட்டிக்கொண்டு இரும்புலியூர் வந்திருக்கிறார். அமலராணி பூட்டின வீட்டு வாசலில் நின்று, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். "என்ன, மறுபடியுமா?" என்று கேட்டிருக்கிறார். அமலராணிக்கும் அப்படித்தான் பட்டிருக்கிறது. ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

ரத்தத்தைச் சுத்தம் செய்து, இருபத்திரண்டு நாள் வைத்திருந்து உயிரோடு கொடுத்தார்கள். ஆனால் மூளையில் நடையையும் பேச்சையும் பார்த்துக்கொள்ளும் பகுதி அடிபட்டுவிட்டது, இனி அது திரும்பாது என்றார்கள். புத்தி அப்படியே இருந்தது. ஞாபகம் அப்படியே இருந்தது. கால் மட்டும் குடித்தவன் கால்போலப் பின்னியது. கை எதை எடுக்கப் போனாலும் ஆடியது. பேச்சு, வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுவதுபோல இழுத்து இழுத்து வந்தது. தம்ளரைப் பிடித்துக் குடிக்க முடியவில்லை. பென்சில் பிடிக்க முடியவில்லை. ரெக்கார்டு நோட்டுகளை அந்தப் பிள்ளைகளிடம் நானே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன்.

ஜூலை முதல் ஞாயிறு அவளைக் கைத்தாங்கலாகக் குரோம்பேட்டைக்குக் கூட்டிப்போனேன். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பியூலா அவளைப் பார்த்ததும் ஓடி வந்தது. ஜெயசீலி "கண்ணு" என்று சொல்ல வாயைத் திறந்தாள். வேறு என்னவோ சத்தம் வந்தது. தலை ஒரு பக்கம் ஆட, கை காற்றில் அலைய, குழந்தையை நோக்கி ஓர் எட்டு வைத்துத் தடுமாறினாள். பியூலா வீறிட்டுக்கொண்டு உள்ளே ஓடிவிட்டது.

எட்மண்ட் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். இது அந்த நோய் இல்லை, மருந்து அதிகமாகிவிட்டது, கொடுத்தவன் நான், அவள் படித்துப் படித்துச் சொன்னாள், நான்தான் கேட்கவில்லை, அவள் மனம் உங்களைவிட என்னைவிடத் தெளிவாக இருக்கிறது என்று தெருவிலேயே நின்று சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "மச்சான்," என்றார். "முன்ன அவளுக்கு எல்லாம் இருந்தப்ப ஒண்ணுமே இல்லைன்னீங்க. இப்பவும் இல்லைங்கறீங்க. நான் எதை நம்பறது? பாப்பா பயப்படுது. இனிமே கூட்டியாராதீங்க."

ஜெயசீலி அதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி அனுப்பினேன். பதில் இல்லை. பாஸ்டர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் அவள் தலையில் கைவைத்து ஜெபிக்க ஆரம்பித்ததும், அவள் ஆடிய கையால் அவர் கையை எடுத்துவிட்டாள். "ரொம்ப முத்திப்போச்சுங்க" என்று அவர் அமலராணியிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

தெருவில் எல்லோருக்கும் இப்போது சந்தேகமே இல்லை. முன்பாவது அவளைப் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது, சொன்னால்தான் தெரியும். இப்போது நோயே இல்லாதபோது எல்லோர் கண்ணுக்கும் அது தெரிகிறது. நான் கடைக்காரரிடம், பால்காரரிடம், கோயிலில், ஷெட்டில், திரும்பத் திரும்ப விளக்கியிருக்கிறேன். தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார்கள். அண்ணன் பாசம் என்கிறார்கள்.

போன மாதம், தொண்ணூற்றெட்டு ஆகஸ்டில், அவளை எழும்பூருக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன். லித்தியத்தை விட்டு இப்போது வேறு மாத்திரை. டாக்டர் அவளிடம் வெகுநேரம் பேசினார். அவள் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். அவள் அழுதாள். நான், "அடிக்கடி இப்படித்தான் டாக்டர். மாத்திரையைக் கூட்டணுமா?" என்று கேட்டேன்.

"நோய் கட்டுக்குள்ளதான் இருக்கு" என்றார் அவர். "இதுக்கு என்கிட்ட மாத்திரை இல்லை தாவீது."

மத்தியான வண்டியில் அவ்வளவு கூட்டம் இல்லை. அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். மாம்பலத்தில் ஒரு பெண் நாலைந்து வயதுப் பிள்ளையோடு ஏறி எதிரே உட்கார்ந்தாள். பிள்ளை ஜெயசீலியின் ஆடும் கையை ஆசையாகப் பார்த்தது. விளையாட்டு என்று நினைத்ததோ என்னவோ, தன் கையையும் அப்படியே ஆட்டிக் காட்டியது. ஜெயசீலி சிரித்தாள். உடனே அந்தப் பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கதவுப்பக்கத்து இருக்கைக்குப் போய்விட்டாள்.

மீனம்பாக்கம் தாண்டியபோது ஜெயசீலி என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். நீளமாக இருந்தது. வண்டிச் சத்தத்தில் எனக்குப் புரியவில்லை.

"என்னம்மா?"

மறுபடி சொன்னாள். இரண்டு வார்த்தை பிடிபட்டது, மீதி பிடிபடவில்லை. காதை அவள் வாயருகே கொண்டுபோய், "இன்னொரு வாட்டி சொல்லு ஜெயா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். சொல்வதற்காக வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டாள்.

"வி... டு" என்றாள்.

அது தெளிவாகக் கேட்டது. தாம்பரம் வந்ததும் அவளைப் பிடித்து இறக்கினேன்.